சட்டத்துக்குள் நம்ம ஊர் நிழல்: உத்தரகோசமங்கை மகளிர் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சகோதரிகளுக்கு,



கறுப்புத் தாளில் ஒரு உருவத்தின் வெளிக்கோட்டை மட்டும் வெட்டியெடுத்து, வெள்ளைத் தாளில் ஒட்டி, கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டுகிற படங்கள் இப்போது பல வீடுகளுக்கு வந்துவிட்டன. போட்டோ எடுப்பவர்கள் ‘சில்லவுட்’ என்பார்கள். நிழலுருவப் படம் என்றால் எல்லோருக்கும் புரியும். கடையில் வாங்கினாலும் ஆன்லைனில் வரவழைத்தாலும் கிடைப்பவை அதே சில உருவங்கள்தான்: ஒரே குடைக்குள் ஒரு ஜோடி, கொம்பு விரித்த மான், கடலோரம் சாய்ந்த தென்னை, எந்த ஊர் என்றே தெரியாத மாடங்கள். சுற்றிலும் பனை நிற்கும் உத்தரகோசமங்கையில், வீட்டுக்குள் மாட்ட அந்தத் தென்னை எதற்கு?

இம்மடல் ஒரு வேண்டுகோள். அந்தப் படத்தை நீங்களே, உங்கள் வீட்டிலேயே, உங்கள் ஊர் உருவங்களை வைத்துச் செய்யுங்கள். முதலில் உங்கள் வீட்டு மூத்த பெண்களின் பக்கவாட்டு முகத்தில் தொடங்குங்கள். அதற்குத் தேவையானவை பெரும்பாலும் உங்கள் வீட்டில் ஏற்கெனவே இருக்கின்றன. தையல் தெரிந்த கைகள், ஓலை முடையத் தெரிந்த விரல்கள், வாரந்தோறும் குழுக் கூட்டத்துக்கு ஒன்றுகூடும் பழக்கம் இவை மூன்றும் ஒரே இடத்தில் கிடைப்பது அரிது.

முகத்தின் நிழலைக் கோடாக்கி வைப்பது மிகப் பழைய ஆசை. ரோமானிய எழுத்தாளர் பிளினி ஒரு கதையை எழுதிவைத்திருக்கிறார். கொரிந்து நகரில் புட்டாடிஸ் என்ற மண்பாண்டக் கலைஞரின் மகள், வெளியூர் போகவிருந்த காதலனின் முகம் விளக்கொளியில் சுவரில் விழுந்தபோது அதைக் கோடிட்டு வைத்தாள். அப்பா அந்தக் கோட்டுக்குள் களிமண்ணை அப்பிச் சுட்டு உருவமாக்கினார். கதை உண்மையோ இல்லையோ, அதில் சொல்லப்படும் முறை இன்றும் அப்படியே பலிக்கும்: ஒரு விளக்கு, ஒரு சுவர், அசையாமல் உட்காரும் ஒரு ஆள்.

போட்டோ என்ற ஒன்று 1839-ல்தான் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்னால் ஓவியரை வைத்துத் தன் முகத்தை வரையச் சொல்ல அரசர்களுக்கும் வணிகர்களுக்கும்தான் முடிந்தது. மற்றவர்களுக்குக் கைக்கெட்டும் விலையில் கிடைத்த முகப்படம் பெரும்பாலும் இந்தக் கறுப்புத் தாள்தான். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் சார்லஸ் வில்சன் பீல் நடத்திய அருங்காட்சியகத்தில் மோசஸ் வில்லியம்ஸ் என்ற கறுப்பின இளைஞர் இருந்தார். பீல் வீட்டில் அடிமையாகவே வளர்ந்தவர். முகத்தின் வெளிக்கோட்டைத் தடவிச் சிறிதாக்கித் தாளில் பதிக்கும் ஒரு கருவி 1802 இறுதியில் அங்கே வந்தபோது, அதில் விழுந்த கோட்டை வெட்டும் வேலை அவருக்குக் கொடுக்கப்பட்டது. 1803-ல் மட்டும் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட முகங்களை அவர் வெட்டினார். ஒரு ஆளுக்கு 8 சென்ட். விடுதலை பெற்றபின் அதையே தொழிலாகச் செய்தார். அந்த வருமானத்தில் சொந்தமாக வீடு வாங்கினார்.

அவர் வெட்டியது நாம் நினைக்கும் விதத்தில் இல்லை என்பதைக் கவனியுங்கள். வெள்ளைத் தாளை நான்காக மடித்து, முகத்தை உள்ளிருந்து வெட்டி வெளியே எடுத்துவிடுவார். மிஞ்சுவது முக வடிவில் ஓட்டை விழுந்த நான்கு வெள்ளைத் தாள்கள். பின்னால் கறுப்புத் துணியோ தாளோ வைத்தால் முகம் வந்துவிடும். வெட்டியெடுத்த நடுத்துண்டு அவர்களுக்குக் கழிவு. இந்த முறை உத்தரகோசமங்கைக்கு எப்படிப் பொருந்தும் என்பதைக் கொஞ்சம் பிறகு பார்ப்போம்.

முதலில் அப்பத்தா.

ராமநாதபுரம் சீமையில் வயதான பெண்களின் காதுகளை அறியாதவர் இங்கே யாரும் இருக்க முடியாது. சிறுவயதிலேயே காது வளர்த்து, தோளைத் தொடும் அளவுக்குத் தண்டட்டியும் பாம்படமும் போட்டவர்கள். அந்தத் தலைமுறை இப்போது வேகமாகக் குறைந்துவருகிறது. அடுத்து வந்தவர்களில் பலர் வளர்த்த காதை அறுத்துத் தைத்துக்கொண்டார்கள். பாம்படம் பலவும் பேத்திகளின் கல்யாணத்துக்கு உருகிவிட்டன. இன்னும் காதோடு இருக்கும் ஒரு அம்மாச்சியோ அப்பத்தாவோ உங்கள் தெருவில் இருந்தால், அவரை உட்காரவைத்து நிழல் பிடிக்க வேண்டிய காலம் இதுதான். போட்டோ இருக்கிறதே என்று சொல்லலாம். செல்போன் போட்டோ ஆயிரத்தோடு ஆயிரமாகப் போனுக்குள் கிடக்கும். போன் பழுதானால் அதோடு போகும். கையால் வெட்டிச் சட்டம் போட்ட முகம் வீட்டுக்கு வருகிற எல்லோர் கண்ணிலும் படும். யார் இவர், யாருக்கு என்ன முறை என்ற பேச்சு அங்கே தொடங்கும்.

நிழல் பிடிப்பதில் ஒரு சின்ன சூட்சுமம் உண்டு. வெயிலில் விழும் நிழல் இதற்கு உதவாது. சூரியன் நம் கண்ணுக்கு ஒரு வட்டமாகத் தெரியும் அகலம் உடையது என்பதால், பொருளிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி விழும் நிழலின் ஓரம் சுமார் 9 மில்லிமீட்டர் அளவுக்கு மங்கிப்போகும். அந்த மங்கலில் உதடும் மூக்கும் கரைந்துவிடும். விளக்கு எவ்வளவு சின்னப் புள்ளியாக இருக்கிறதோ அவ்வளவு கூர்மையாக நிழல் விழும். டியூப்லைட் ஆகாது. செல்போனின் டார்ச் மிகச் சிறிய புள்ளி என்பதால் பழைய ஐரோப்பியக் கலைஞர்கள் பயன்படுத்திய மெழுகுவத்தியைவிட நன்றாக வேலை செய்யும்.

சுவரில் சார்ட் பேப்பரை ஒட்டி, தோள் சுவரைத் தொடும்படி அப்பத்தாவை ஸ்டூலில் உட்காரவையுங்கள். டார்ச்சை முகத்தின் உயரத்திலேயே, எட்டடி தள்ளி அசையாமல் நிறுத்துங்கள். விளக்கு தூரத்திலும் முகம் சுவருக்கு அருகிலும் இருக்க வேண்டும். மாற்றி வைத்தால் நிழல் பூதாகாரமாகப் பெரிதாகும். முகம் சுவரிலிருந்து அரையடியும் விளக்கு முகத்திலிருந்து எட்டடியும் தள்ளியிருந்தால் நிழல் ஆறு சதவீதம் மட்டுமே பெரிதாகும். அது கணக்கே இல்லை. ஒருவர் விளக்கைப் பிடிக்க, ஒருவர் பென்சிலால் கோடு போட, அப்பத்தா பேசாமல் இருக்க வேண்டும். மூன்றாவதுதான் கஷ்டம். அவர் வெற்றிலை போட்டிருந்தால் முதலில் துப்பிவிட்டு வரச் சொல்லுங்கள், கன்னத்து உப்பலில் வாயின் கோடு மாறிவிடும்.

இப்படிக் கிடைக்கும் கோடு ஏறக்குறைய நிஜ அளவில் இருக்கும். அதைச் சிறிதாக்கப் பழைய காலத்தில் பான்டோகிராப் என்ற மரக்கருவி வைத்திருந்தார்கள். இன்று அந்தக் கோட்டையே செல்போனில் நேராகப் படமெடுத்து, ஜெராக்ஸ் கடையில் வேண்டிய அளவில் பிரிண்ட் போட்டுக்கொள்ளலாம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் கட்டம் போட்டு வரைந்து சிறிதாக்குவதே நல்லது; அவர்களுக்கு விகிதக் கணக்கு அங்கேயே புரிந்துவிடும். எட்டுக்குப் பத்து அங்குலச் சட்டத்துக்கு முகத்தின் உயரம் நான்கு, நாலரை அங்குலம் போதும். சுற்றிலும் வெற்றிடம் நிறைய இருந்தால்தான் கறுப்பு எடுப்பாகத் தெரியும்.

தாள் வாங்கும்போது ஓரத்தைப் பாருங்கள். சில கறுப்பு சார்ட்டுகள் மேலே மட்டும் கறுப்பு அச்சடித்தவை. வெட்டினால் விளிம்பில் வெள்ளைக் கோடு பளிச்சிடும், முகத்தின் கூர்மை போய்விடும். உள்ளும் கறுப்பான தாளைக் கேட்டு வாங்குங்கள். உருவத்தைத் தாளின் பின்பக்கத்தில்தான் வரைய வேண்டும், அப்போதுதான் பென்சில் தடம் முன்னால் தெரியாது. ஆனால் பின்னால் வரைந்ததைத் திருப்பினால் முகம் எதிர்ப்பக்கம் பார்க்கும். தாத்தாவும் பாட்டியும் எதிரெதிரே பார்க்கும்படி இரண்டு படம் திட்டமிட்டால் இதை முதலிலேயே யோசித்துவிட வேண்டும்.

வெட்டும்போது கத்தரிக்கோலைத் திருப்பாதீர்கள், தாளைத் திருப்புங்கள். வலது கையில் கத்தரி ஒரே இடத்தில் நிற்கட்டும். இடது கை தாளை மெல்லச் சுழற்றிக் கத்தரியின் வாய்க்குள் ஊட்டட்டும். நுனியால் கொத்திக் கொத்தி வெட்டினால் பல்வரிசை விழும். அடிப்பக்கத்து ஆழத்தில் வெட்டினால் கோடு வழுக்கிக்கொண்டு போகும். தையல் பிரிக்கும் சின்னக் கத்தரி போதுமானது. உள்ளே இருக்கும் ஓட்டைகளை முதலில் வெட்டிவிட்டு வெளிக்கோட்டைக் கடைசியில் வெட்டுவது தாள் வெட்டும் கலைஞர்கள் பலரும் பின்பற்றும் வழக்கம். வெளிக்கோட்டை முதலில் வெட்டிவிட்டால் பிடித்துக்கொள்ளத் தாள் இருக்காது.

முகத்தின் எல்லா இடமும் ஒன்று போல் இல்லை. நெற்றியில் ஒரு மில்லிமீட்டர் தவறினால் யாரும் கவனிக்க மாட்டார்கள். மேலுதட்டில் அரை மில்லிமீட்டர் தவறினால் வேறு ஆளாகிவிடும். பல் விழுந்த முகத்தில் உதடுகள் உள்ளே மடங்கியிருக்கும், மூக்கு நுனி தாடையை நோக்கி இறங்கியிருக்கும். அதைக் கொஞ்சம் ‘அழகாக்க’ கை தானாகவே போகும். தயவுசெய்து அழகாக்காதீர்கள். அந்த உள்மடிப்பில்தான் அவருடைய எழுபது, எண்பது வருஷமும் இருக்கிறது. அதை நிரப்பிவிட்டால் யாரோ ஒரு பெண்ணின் முகம் கிடைக்கும்; உங்கள் அப்பத்தா கிடைக்க மாட்டார்.

இப்போது பாம்படத்தின் சிக்கல். பக்கவாட்டில் பார்க்கும்போது காது தலைக்கு நடுவே இருக்கிறது. தொங்கும் சோணையும் பாம்படமும் கழுத்தின் மேல் விழுகின்றன. கழுத்தும் கறுப்பு, பாம்படமும் கறுப்பு என்றால் பாம்படமே காணாமல் போகும். எதற்காக உட்காரவைத்தோமோ அதுவே மறைந்துவிடும். இதற்கு இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று, தோல்பாவைக் கலைஞர்களின் வழி. பாவையின் நகையும் ஆடை மடிப்பும் தெரிவதற்காகத் தோலில் உளியால் சின்னச் சின்ன ஓட்டைகள் போடுவார்கள். திரைக்குப் பின்னாலிருந்து விளக்கொளி அந்த ஓட்டைகள் வழியே வந்து ஆரமாகவும் கிரீடமாகவும் மாறும். பாலக்காட்டுப் பகுதியில் பகவதி கோயில்களின் கூத்துமாடங்களில் இன்றும் கம்பராமாயணத்தை வைத்துத்தான் தோல்பாவைக்கூத்து நடக்கிறது. முழுக்கதைக்கு 21 இரவுகள். அந்த மரபில் வந்த கே.கே. ராமச்சந்திரப் புலவருக்கு 2021-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. சேதுக்கரைக்குப் பக்கத்தில் வாழும் உங்களுக்கு அந்தக் கதை சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தப் பாவைகளைப் பார்த்து நாம் கற்க வேண்டியது ஓட்டை போடும் கணக்கைத்தான். பாம்படத்தைச் சுற்றி முழு வட்டமாக வெட்டினால் நடுத்துண்டு கழன்று விழுந்துவிடும். அதனால் இரண்டு மூன்று இடங்களில் விட்டுவிட்டு, பிறைபிறையாகத் துண்டு துண்டாக வெட்ட வேண்டும். இதற்குக் கத்தரி போகாது. கட்டரின் புது நுனி வேண்டும், அடியில் பழைய காலண்டர் அட்டை வேண்டும். பிளேடு வேலையைப் பெரியவர்களே செய்யுங்கள்.

இரண்டாவது வழி இன்னும் எளிது. 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் ஜான் ஃபீல்டு போன்ற கலைஞர்கள் கறுப்பு முகத்தின் மேல் முடிக்கும் நகைக்கும் மெல்லிய தங்க நிறக் கோடு தீட்டினார்கள். அந்தத் தங்கம் உங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது: பழைய கல்யாணப் பத்திரிகைகள். தங்க நிறத் தாளில் பாம்படத்தின் வடிவை மட்டும் நறுக்கி, கறுப்பு முகத்தின் மேல் உரிய இடத்தில் ஒட்டுங்கள். படம் முழுக்க வேறெங்கும் நிறம் வேண்டாம். மூக்குத்திக்குக்கூட வேண்டாம். அது மூக்கின் மேல் ஒரு பொட்டாக வந்தால் பாம்படத்தின் மீதிருந்து கண்ணைத் திருப்பிவிடும்.

இனி ஊருக்குள் வருவோம்.

உத்தரகோசமங்கை மரகத நடராஜரைப் பற்றி உங்களுக்கே பாடம் சொல்ல முடியாது. ஆண்டு முழுவதும் சந்தனக் காப்புக்குள் இருப்பவர். மார்கழித் திருவாதிரையை ஒட்டி மட்டும் சந்தனம் களைந்து பச்சைத் திருமேனியாகத் தரிசனம் தருவார். அன்று தெருவில் கால்வைக்க இடமிருக்காது. கறுப்பு வெள்ளையில் நடராஜர் வெட்டலாம். தூக்கிய திருவடியும் விரிந்த சடையும் நான்கு கைகளும் கறுப்பில் வந்தாலே சிறு பிள்ளையும் அடையாளம் சொல்லிவிடும். ஆனால் இந்த ஊருக்கென்று ஒரு முறை காத்திருக்கிறது, அதுதான் மோசஸ் வில்லியம்ஸ் வெட்டிய முறை. சந்தன நிறத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் நடராஜர் வடிவை வெட்டி வெளியே எடுத்துவிடுங்கள். பின்னால் கரும்பச்சைத் தாளை வையுங்கள். சந்தனம் திறந்து மரகதம் தெரியும். இப்படியொரு படத்தை உத்தரகோசமங்கைக்காரர்தான் செய்ய முடியும், வேறெந்த ஊர்க் கடையிலும் அதற்குப் பொருள் இல்லை.

இதில் உழைப்பு கேட்கும் இடம் திருவாசி. நடராஜரும் ஓட்டை, அவரைச் சுற்றிய வட்டமும் ஓட்டை என்றால் இரண்டுக்கும் நடுவே இருக்கும் சந்தனத் தாள் எதிலும் ஒட்டாமல் கீழே விழும். வட இந்தியாவில் மதுரா, பிருந்தாவனக் கலைஞர்கள் இதற்கு நூற்றாண்டுகளாகத் தீர்வு வைத்திருக்கிறார்கள். ‘சாஞ்சி’ என்ற அந்தக் கலையில் கண்ணன் கதைகளைத் தாளில் மிக நுட்பமாக வெட்டி அச்சாக வைத்துக்கொள்வார்கள். மகாளய பட்ச நாட்களில் பிருந்தாவனக் கோயில்களில் மண்மேடை மேல் அந்தத் தாளை வைத்து வண்ணப்பொடி தூவுவார்கள். நம் கோல அச்சு போலத்தான். மாட்டின் காலும் மரத்தின் கிளையும் எங்கே தொட வேண்டும், எங்கே விட வேண்டும் என்பதில்தான் அவர்கள் திறமை. திருவாசியை முழு வட்டமாக வெட்டாதீர்கள். ஒவ்வொரு சுடருக்கும் நடுவே நெல்லளவு தாளை வெட்டாமல் விடுங்கள். சுடர்கள் தனித்தனியாக எரிவது போலத் தெரியும், தாளும் பிரியாமல் நிற்கும். நடராஜரின் கைகள் வட்டத்தைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தூக்கிய காலுக்கும் குறுக்கே நீட்டிய கைக்கும் நடுவில் விழும் சின்னத் தாள்துண்டை மட்டும் ஒரு மெல்லிய இணைப்பால் பிடித்து நிறுத்த வேண்டும். வெட்டும் முன் பென்சிலால் ஒவ்வொரு சந்தனத் துண்டையும் தொட்டு, இது எதோடு சேர்ந்திருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

கோயில் வாசலில் நிற்கும் யாளிகள் கத்தரிக்கோலுக்கென்றே செதுக்கியவை போலத்தான் நிற்கின்றன. பின்னங்காலில் எழுந்த உடல், வளைந்த துதிக்கை, திறந்த வாய், வாய்க்குள் உருளும் கல்பந்து. பந்து தனியாக உருள்வது கல்லில் அதிசயம். தாளில் அது நாக்கோடு ஒரு புள்ளியில் ஒட்டியிருக்க வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம். பக்கத்தில் ஒரு தாழம்பூவை வெட்டிச் சேர்க்கலாம். வேறு சிவன் கோயில்களில் பொதுவாக விலக்கிய பூ இங்கே சாத்தப்படுவதால், வெளியூர்க்காரர் கேட்காமலேயே கதை சொல்ல ஒரு காரணம் கிடைக்கும்.

ஊரைச் சுற்றிய கண்மாய்கள் இன்னொரு பெரிய சுரங்கம். ராமநாதபுரம் மாவட்டத்தில் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் சரணாலயங்கள் 2022-லும் சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் 2025-லும் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றன. மேலச்செல்வனூர், கீழச்செல்வனூர் கண்மாயும் இங்கேதான். அங்கே வரும் பறவைகளை நிறம் இல்லாமல் கோட்டால் மட்டும் அடையாளம் சொல்ல முடியுமா என்று பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். கூழைக்கடா என்றால் பை தொங்கும் அலகு. அரிவாள்மூக்கன் என்றால் பெயரே சொல்லிவிடும். பாம்புத்தாரா தண்ணீரில் கழுத்தை மட்டும் நீட்டும். நத்தைகுத்தி நாரைக்கு அலகு மூடினாலும் நடுவில் ஒரு இடைவெளி நிற்கும். அந்த இடைவெளியை வெட்டாமல் விட்டால் அது வேறு நாரையாகிவிடும். இப்படி வெட்டிப் பழகிய பிள்ளை, கண்மாய்க்கரையில் தூரத்தில் நிற்கும் பறவையைப் பார்த்தவுடன் பெயர் சொல்லும். பாடப் புத்தகத்தில் படித்த பிள்ளை யோசிக்கும்.

பனைக்கும் தென்னைக்கும் உள்ள வேறுபாட்டை மறக்காதீர்கள். தென்னை ஓலை இறகு மாதிரி பிரியும், பனை ஓலை விசிறியாக நிற்கும். பனையின் தலையை ஒரு முழு உருண்டையாக வெட்டி, ஓரத்தில் மட்டும் கூர்கூராக நறுக்கி, உள்ளே நாலைந்து சந்துகளில் வானம் தெரியும்படி ஓட்டை விட்டால் பனை வந்துவிடும். அடிமரத்தை நேர்க்கோடாக வெட்டினால் விளக்குக் கம்பம் மாதிரி நிற்கும். கொஞ்சம் பருத்து, கொஞ்சம் இளைத்து, பாளைக் குச்சியும் காய்ந்த மட்டையும் ஒன்றிரண்டு தொங்க வேண்டும்.

இந்தக் கைவேலை எவ்வளவு தூரம் போகும் என்பதற்குச் சான்றாக, கத்தரியால் வெட்டிய நிழலுருவங்களைக் கொண்டே ஒரு முழுநீளத் திரைப்படம் எடுத்த பெண் ஒருவர் உண்டு. ஜெர்மனியின் லாட்டே ரைனிகர், 1899-ல் பிறந்தவர். மூன்று வருட உழைப்பில் 1926-ல் வெளியான அவருடைய ‘இளவரசர் அஹமதின் சாகசங்கள்’, இன்று நம்மிடம் எஞ்சியிருக்கும் முழுநீள அனிமேஷன் படங்களிலேயே பழையது. ஒவ்வொரு கையும் காலும் அவர் கத்தரியால் வெட்டியவை. சின்ன வயதில் பொழுதுபோக்காகத் தாள் வெட்டியதில்தான் அவர் தொடங்கினார்.

சட்டம் போடுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பக்கம் படங்கள் கெடுவது அங்கேதான். உத்தரகோசமங்கையிலிருந்து கடல் கண்ணுக்குத் தெரியாது என்றாலும் காற்றில் ஈரமும் உப்பும் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவர் ஓதம் காக்கும். தாள் கண்ணாடியில் நேரடியாகத் தொட்டுக்கொண்டிருந்தால் அந்த ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும். பிறகு பிரித்தால் கறுப்பு கண்ணாடியோடு வந்துவிடும். அதனால் கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே கெட்டி அட்டையில் ஜன்னல் மாதிரி வெட்டிய மவுண்ட் கட்டாயம் வேண்டும். இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி போதும். கெட்டியான கல்யாணப் பத்திரிகைகளை அந்தக் கனம் வரும்வரை சேர்த்து ஒட்டினால் அதற்கும் ஆகும்.

ஒட்டுவதற்குப் பெவிகாலை அள்ளிப் பூசினால் தாள் சுருங்கி அலை அலையாகிவிடும். குளூ ஸ்டிக்கை நடுவில் கொஞ்சம், ஓரங்களில் கொஞ்சம் தடவி, மேலே வெள்ளைத் தாள் வைத்து, கனமான புத்தகங்களை ஒரு இரவு அடுக்கிவையுங்கள். மைதாப் பசை வேண்டாம். இராமபாணப் பூச்சிக்கு அது விருந்து. பைண்டிங் செய்பவர்கள் பசையில் மயில்துத்தம் கலப்பது அதற்காகத்தான். அது விஷம் என்பதால் பிள்ளைகள் புழங்கும் வீட்டில் அந்த வேலையே வேண்டாம். படத்துக்குப் பின்னால் பழைய செய்தித்தாளை வைத்து அடைப்பது பலருக்கு வழக்கம். அதிலிருக்கும் அமிலம் சில வருடங்களில் வெள்ளைத் தாளைப் பழுப்பாக்கிவிடும். சுத்தமான வெள்ளை அட்டை வைத்து, அதற்குப் பின்னால் ஹார்டுபோர்டு வையுங்கள்.

பிரேம் கடையில் பீடிங் தேர்ந்தெடுக்கும்போது பூவேலை செய்த தங்க நிறம் வேண்டாம் என்று சொல்லுங்கள். கறுப்புப் படத்துக்கு ஒல்லியான கறுப்பு பீடிங்கோ, பாலிஷ் போட்ட மரமோதான் பொருத்தம். இரும்பு ஆணி துருப்பிடித்துத் தாளில் கறை இறக்கும். பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஆணி கேளுங்கள். பின்பக்க ஓரங்களைப் பிரவுன் டேப்பால் முழுக்க அடைத்துவிட்டால் தூசியும் பூச்சியும் போகாது. மாட்டும்போது சட்டத்தின் கீழ் இரண்டு மூலையிலும் பழைய ரப்பர் செருப்பிலிருந்து வெட்டிய துண்டை ஒட்டிவிடுங்கள். சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று போகும், ஓதம் ஏறாது. நேர் வெயில் விழும் சுவர் வேண்டவே வேண்டாம். சாயம் போட்ட கறுப்புத் தாள் வெயிலில் வெளுத்துக் காப்பிப்பொடி நிறத்துக்கு வந்துவிடும்.

விற்பனையைப் பற்றி ஒரு வார்த்தை. குழுப் பொருள்களுக்கு ‘மதி’ என்ற பெயரில் அரசு ஒரு வழி வைத்திருக்கிறது. மார்கழித் திருவாதிரைக்கு வருகிற கூட்டம் உங்கள் வாசலிலேயே நிற்கிறது. யாளியும் கோபுரமும் சின்னச் சட்டத்தில் செய்து வைத்தால் வாங்க ஆள் இருப்பார்கள் என்று நம்ப இடமுண்டு. ஆனால் விற்பனையில் தொடங்க வேண்டாம். முதலில் வெட்டுவது உங்கள் வீட்டு முகமாக இருக்கட்டும். லேசர் மெஷின் ஒரு மணி நேரத்தில் நூறு யாளி வெட்டும், அதோடு போட்டி போட முடியாது. உங்கள் அப்பத்தாவின் உதட்டு மடிப்பு எந்த மெஷினுக்கும் தெரியாது; அந்த மடிப்பை வெட்டிப் பழகிய கைதான் பிறகு யாளியையும் உயிரோடு வெட்டும்.

கடைசியாக, அகஸ்ட் எடுவார்ட் என்ற பிரெஞ்சுக் கலைஞரின் பழக்கம் ஒன்றை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஊர் ஊராகப் போய் ஆயிரக்கணக்கான முகங்களை வெட்டியவர். எப்போதும் தாளை இரண்டாக மடித்து ஒரே வெட்டில் இரண்டு பிரதி எடுப்பார். ஒன்று வாடிக்கையாளருக்கு. மற்றொன்றைப் பெயர், ஊர், தேதி எழுதித் தன் ஆல்பத்தில் ஒட்டிவைப்பார். 1849 டிசம்பரில் அமெரிக்காவிலிருந்து திரும்பும்போது அவர் வந்த ‘ஒனைடா’ கப்பல் கர்ன்சி தீவுக்கருகே உடைந்தது. அவர் பிழைத்தார், ஆல்பங்களில் பெரும்பகுதி கடலோடு போனது. தப்பிய தாள்கள் இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அவற்றில் உள்ள முகங்கள் யாருடையவை என்று இன்றும் சொல்ல முடிவது அந்தப் பெயரும் தேதியும் இருப்பதால்தான்.

அதனால் நீங்களும் தாளை இரண்டாக மடித்தே வெட்டுங்கள். ஒன்று வீட்டுச் சுவருக்கு, ஒன்று குழுவின் கோப்புக்கு. அப்பத்தாவின் பெயர், பிறந்த ஊர், புகுந்த ஊர், வெட்டிய தேதி, வெட்டியவர் பெயர் இவ்வளவையும் பென்சிலால் பின்பக்கம் எழுதுங்கள். பேனா மை ஓதத்தில் ஊறி முன்னால் வந்துவிடும். அடுத்த மார்கழித் திருவாதிரைக்கு முன்னால் உங்கள் தெருவில் காது வளர்த்த எல்லாப் பெண்களையும் ஒருமுறை விளக்கின் முன்னால் உட்காரவைத்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் கைவேலையின் மீது நம்பிக்கை கொண்ட ஒரு வாசகர்